ஜெரேனியமும் தீர்ப்பு நாளும்
பட்டப்படிப்பினூடாக ஓர் எழுத்தாளரின் வளர்ச்சி

எழுத்தாளரைப் பல்கலைக்கழகம் உருவாக்க முடியுமா என்னும் வினா நம்மிடையே அடிக்கடி எழுப்பப்படுவதொன்றாகும். எழுத்து பிறவிக் கொடை, அதனைக் கற்பிக்க முனைவது வீண் வேலை என்போரும், முறையான பயிற்சியின்றி எக்கலையும் சிறக்காது என்போரும் நெடுங்காலமாக வாதிட்டு வருகின்றனர். எனினும், இவ்விவாதத்திலே குறிப்பிட்ட ஓர் எழுத்தாளரின் படைப்புக்களை முன்வைத்து, கற்கைநெறிக்குள் நுழைந்தபோது அவர் எப்படி எழுதினார், வெளியேறிய பின்னர் எப்படி எழுதினார், இடையில் மாறியது யாது என்று உரைத்துப் பார்ப்பவர் மிகச் சிலரே. அத்தகைய ஒப்புநோக்குக்கு அரிதாகக் கிடைக்கும் வாய்ப்பொன்றை அமெரிக்கச் சிறுகதையாசிரியர் ஃபிளனரி ஓ'கொனர் (1925–1964) நமக்கு விட்டுச் சென்றுள்ளார். முதுமாணிப் பட்டத்துக்காக அவர் சமர்ப்பித்த கதைத் தொகுதியின் தலைப்புக் கதையும், இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு வரை அவர் திருத்திக்கொண்டிருந்த கடைசிக் கதையும் ஒரே கதைதான். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் கழிந்துள்ளன. ஒரே கதையைத் தொடக்கத்திலும் முடிவிலும் எழுதிய ஒருவரிடம், வளர்ச்சி என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தாற் போதுமானது.

தென் மாநிலமான ஜோர்ஜியாவைச் சேர்ந்த ஓ'கொனர், மில்லெஜ்வில் நகரிலிருந்த மகளிர் கல்லூரியொன்றிற் சமூக விஞ்ஞானம் பயின்று, 1945இல் தமது இருபதாவது வயதில் அயோவாப் பல்கலைக்கழகம் சென்றார். அவருக்குக் கிடைத்த புலமைப் பரிசில் பத்திரிகைத் துறைக்கானது. அங்கே சேர்ந்த சில நாட்களிலேயே, எழுத்துப் பட்டறையின் இயக்குநராயிருந்த கவிஞர் போல் எங்கிளின் அறைக்குச் சென்று தம்மை அங்கே சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டினார். அவரது தென்னாட்டு உச்சரிப்பு எங்கிளுக்கு விளங்கவில்லை. சொல்ல வந்ததைத் தாளில் எழுதித் தருமாறு கேட்கவேண்டியதாயிற்று. பேச்சு விளங்காத இடத்திலே எழுத்து விளங்கிற்று என்று இதனைச் சிலர் அழகுபடுத்திச் சொல்வதுண்டு. எனக்கோ வேறொன்று முக்கியமாகப் படுகிறது. அந்நாட்டின் ஒரு மூலையிலிருந்து மற்றொரு மூலைக்குச் சென்ற மாணவி, தமது ஊர்ப் பேச்சு பிறருக்கு அந்நியமானது என்பதை முதன்முதலாக உணர்ந்த கணம் அது. யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ மலையகத்திலிருந்தோ பேராதனைக்கு வந்து, முதற் கிழமையிலேயே தமது சொல்லொன்றுக்குச் சகமாணவர் சிரிப்பதைக் கேட்டவர்கள் இதனைச் சுலபமாக விளங்கிக்கொள்வர்.

அயோவாப் பல்கலைக்கழகம் 1922 தொடக்கமே ஆய்வேட்டுக்குப் பதிலாகப் படைப்பிலக்கியத்தை உயர்பட்டத்துக்கு ஏற்றுக்கொள்ள முன்வந்திருந்தது. 1936இல் எழுத்துப் பட்டறை தனி அமைப்பாயிற்று. அங்கே கற்பிக்கும் முறை மிக எளிமையானது. மாணவர் ஒருவரின் கதை ரோனியோப் பிரதிகளாக வகுப்பிற் பகிரப்படும், வாசிக்கப்படும், எழுதியவர் வாய் திறவாதிருக்க மற்றையோர் அதனை அக்குவேறு ஆணிவேறாகப் பிரிப்பர். ஓ'கொனர் பின் வரிசையிலே அமர்ந்து பேசாதிருப்பவர் என்று எங்கிள் பின்னர் நினைவுகூர்ந்துள்ளார். கிளீந்த் புரூக்ஸ், ரொபேட் பென் வொறன் ஆகியோரின் புனைகதை பற்றிய பாடநூல் அக்காலத்திலே அங்கு பெருஞ் செல்வாக்குப் பெற்றிருந்தது. கதையைச் சமூகவியற் சான்றாகவோ ஆசிரியரின் வாழ்க்கைக் குறிப்பாகவோ கொள்ளாது, அதன் உறுப்புக்கள் ஒன்றோடொன்று இயைந்து நிற்கும் பாங்கினை நோக்கவேண்டும் என்பது அந்நூலின் அடிப்படை. இந்த உருவவாதத்தின் குறைபாடுகளை நமது விமர்சகர்கள் போதியளவு எடுத்துக் காட்டியுள்ளனர். அவற்றை மீட்டும் இங்கு அடுக்க வேண்டியதில்லை.

1947இல் அவர் சமர்ப்பித்த தொகுதியில் ஆறு கதைகள் இருந்தன. அவற்றுள் மூன்று அவர் மறைந்த பின்னரே அச்சேறின. அவரே அவற்றை வெளியிட விரும்பவில்லை என்பதற்கு அவற்றை வாசித்தாற் காரணம் புரியும். ஒரு கதையிலே ஃபோக்னரின் நிழல் அப்பட்டமாக விழுந்திருக்கிறது. இன்னொன்றிலே முற்போக்கு எண்ணங் கொண்ட கல்லூரி ஆசிரியர் ஒருவர் சவரக் கடையிற் செய்யும் வாதம், கதையாகாமல் வாதமாகவே நின்றுவிடுகிறது. ஆயினும் 'விளைச்சல்' என்று நாம் பெயர்க்கக்கூடிய கதை சற்று நின்று நோக்கற்பாலது.

அக்கதையின் நாயகி வில்லேட்டன் என்னும் முதிர்கன்னி. உணவு மேசையிற் சிந்திய துணுக்குகளைத் துடைத்துச் சேர்ப்பது வீட்டில் அவளுக்கு ஒதுக்கப்பட்ட வேலை. அவ்வேளையிலேதான் அவள் கதைக்குப் பொருள் தேடுவாள். வெதுப்பகத் தொழிலாளர் பற்றி எழுதலாமா? ஆசிரியர் பற்றி எழுதலாமா? ஆசிரியர் ஒரு சமூகப் பிரச்சினையாகக்கூட இல்லையே என்று ஒதுக்கிவிடுகிறாள். ஈற்றில் வாரத்துக்குப் பயிரிடும் ஏழைக் குடியானவர் அவளுக்கு அகப்படுகின்றனர். அவர்களோடு அவளுக்கு ஒருநாட் பழக்கமும் இல்லை. எழுதத் தொடங்கியதும் தானே அக்கதைக்குள் நுழைந்து, குடியானவனின் கொடிய மனைவியை அடித்து வீழ்த்தி, அவனுக்கு மனைவியாகி, அறுவடையும் காண்கிறாள். அப்பொழுது கடைக்குப் போய்வருமாறு வீட்டார் கூப்பிடுகின்றனர். தெருவிலே தான் எழுதிய அதே வகையான வறிய ஆணையும் பெண்ணையும் நேரிற் காண நேர்ந்ததும் அருவருப்பு அடைகிறாள். வீடு திரும்பிக் குடியானவரைக் கைவிட்டு, அயர்லாந்துக்காரரைப் பற்றி எழுதுவதென்று முடிவுசெய்கிறாள்.

இதனை வெறும் நையாண்டி என்று தள்ளிவிடலாகாது. இருபத்தொரு வயது மாணவியொருவர், எழுத்தாளராவதற்கென்றே சேர்ந்த கற்கைநெறியில் இருந்துகொண்டு, பொருள் தேடும் எழுத்தாளரின் போலித்தனத்தைப் பரிசோதித்த கதை இது. வில்லேட்டனிடம் அவர் கேலி செய்யும் ஒவ்வொன்றும் பட்டறை மாணவர் யாவரிடமும், தம்மிடமும், இருக்கக்கூடியதே. நமது மலர்களுக்கு வரும் கதைகளைத் தெரியும் குழுக்களிற் சில ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் ஒன்று கூறலாம்: தேயிலைத் தோட்டம் ஒன்றினுள் காலடி வைக்காதவர் எழுதிய கொழுந்துக் கூடைக் கதைகளும், கடலிலே ஒருநாளும் இறங்காதவர் எழுதிய மீனவர் கதைகளும் ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்தன. சமூகப் பிரக்ஞை எழுத்தாளருக்கு இன்றியமையாதது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வில்லேட்டன் தேடுவது பிரச்சினையை அன்று. பிரச்சினைக்குக் கிடைக்கும் மதிப்பை. கடைத்தெருவில் அவள் முகஞ் சுழிக்கும் கணத்தில் அது வெளிப்பட்டுவிடுகிறது.

அயோவா வாசத்தின்போது தம் வளர்ச்சியைப் பற்றி ஓ'கொனர் என்ன எண்ணினார் என்பதற்கும் நேரடிச் சான்று உண்டு. 1946 ஜனவரி முதல் 1947 செப்டெம்பர் வரை கொப்பியொன்றிற் கடவுளை விளித்து அவர் எழுதிய குறிப்புக்கள் 2013இல் நூலாக வெளிவந்தன. கத்தோலிக்கரான அவர் நல்ல எழுத்தாளராக்கும்படி அதிலே திரும்பத் திரும்ப இறைஞ்சுகிறார். நடுத்தரமான எழுத்தாளராகவே முடிந்துபோய்விடுவேனோ என்ற அச்சம் ஒரு புறம். நன்றாக எழுதிவிட்டால் அது தம்முடையதென்ற இறுமாப்பு வந்துவிடுமே என்ற அச்சம் மறு புறம். தட்டச்சுப் பொறி தமக்குக் கருவியாயிருப்பதுபோலத் தாம் வேறொருவருக்குக் கருவி என்று தம்மையே அடக்கிக்கொள்கிறார். இக்குறிப்புக்களைப் பக்தி இலக்கியமாகப் படிப்போர் படிக்கட்டும். பட்டப்படிப்பு மாணவியொருவரின் தன்மதிப்பீடு என்ற வகையில் அதிற் குறிப்பிடத்தக்கது, கற்கைநெறி தமக்கு என்ன தந்தது என்ற பட்டியல் எதுவும் அங்கு இல்லை என்பதே. இன்று பல நாடுகளிலே எழுத்துப் பாடம் முடிவுறும்போது, இப்பாடத்தினால் நான் எவ்வாறு வளர்ந்தேன் என்று மாணவர் எழுதிக் கொடுக்க வேண்டியுள்ளது. அவ்வேடுகளில் வளர்ச்சி எப்பொழுதும் நிகழ்ந்துவிட்டிருக்கும்! மதிப்பெண் இடுபவருக்காக எழுதப்படும் தன்மதிப்பீட்டுக்கும், எவரும் வாசிக்கமாட்டார் என்று எண்ணி எழுதப்படும் தன்மதிப்பீட்டுக்கும் உள்ள தூரம் இங்கே தெளிவாகிறது.

இனி அவ்விரு கதைகளுக்கும் வருவோம்.

'ஜெரேனியம்' 1946இல் சஞ்சிகையொன்றில் வெளிவந்தது. டட்லி என்னும் தென்னாட்டுக் கிழவர் நியூ யோர்க்கிலே மகளின் அடுக்குமாடி வீட்டில் அடைபட்டுக் கிடக்கிறார். எதிர் வீட்டார் காலைதோறும் யன்னலில் வைக்கும் ஜெரேனியச் செடியொன்றே அவருக்கு உள்ள பொழுதுபோக்கு. ஊரிலே தம்முடன் மீன் பிடிக்கவும் வேட்டையாடவும் வந்த கறுப்பின வேலையாளை எண்ணி ஏங்குகிறார். அடுத்த வீட்டுக்குக் கறுப்பினத்தவர் ஒருவர் குடிவருகிறார். படிக்கட்டிலே தடுமாறிய கிழவரைக் கைகொடுத்து மேலே ஏற்றிவிடுகிறார். நட்போடு முதுகிலே தட்டுகிறார். கிழவருக்கு அது பொறுக்க முடியாத அவமானம். வீட்டினுள் வந்து அழுகிறார். யன்னலிலே செடி இல்லை. ஆறு மாடிகளின் கீழே சந்திலே சட்டி உடைந்து, வேர் வானத்தை நோக்கக் கிடக்கிறது.

கதை கச்சிதமானது. வேரறுந்த செடி வேரறுந்த மனிதருக்குக் குறியீடு. வகுப்பறையிலே பாராட்டுப் பெறுவதற்கு வேண்டிய யாவும் அதில் உள்ளன. ஆனால், கிழவர் நியூ யோர்க்குக்கு ஏன் வந்தார் என்று கேட்டுப் பாருங்கள். திரைப்படத்திலே பார்த்த பெரிய நகரத்தைக் காணும் ஒரு கணச் சபலம், மகளின் வற்புறுத்தல், அவ்வளவே. நிகழ்ந்தவற்றுக்கு அவர் பொறுப்பாளியல்லர். ஆகவே வாசகரிடம் எஞ்சுவது இரக்கம் மட்டும். பிறந்த மண்ணிலிருந்து தொலைவில், குளிர் நாட்டிலே, தனிமையில் இருந்த மாணவியின் ஊரேக்கம் கிழவரின் வாயாற் பேசுகிறது என்று கூறலாம்.

இக்கதையை அவர் விட்டுவிடவில்லை. 1950களின் நடுப்பகுதியில் வேறு தலைப்பிலே திருத்தி எழுதினார்; அதுவும் திருப்தி தரவில்லை. லூப்பஸ் என்னும் நோய் முற்றிய நிலையில், 1964இல், மீண்டும் அதைக் கையிலெடுத்தார். 'தீர்ப்பு நாள்' என்ற பெயரோடு, அவர் இறந்த மறு ஆண்டு வெளிவந்த தொகுதியிலே அது இடம்பெற்றது.

கிழவருக்கு இப்போது ரானர் என்று பெயர். அதே நகரம், அதே மகள், அதே அடுக்குமாடி. செடி மறைந்துவிட்டது. ஆனால் அவர் வந்த காரணம் இருக்கிறது. ஊரிலே பிறருடைய காணியிற் குடிசை போட்டு, கோல்மன் என்ற கறுப்பினத்தவரோடு அவர் வாழ்ந்து வந்தார். அக்காணியைக் கலப்பினத்தவரான டொக்டர் ஃபோலி விலைக்கு வாங்குகிறார். நீ இங்கேயே இருக்கலாம், ஆனால் எனக்குச் சாராயம் காய்ச்சித் தரவேண்டும் என்கிறார். வெள்ளையன் ஒருவன் கறுப்பனுக்கு வேலை செய்வதா என்ற செருக்கு ரானரை மகளோடு நியூ யோர்க்குக்குத் துரத்துகிறது. அங்கு வந்த பின்னரே, செருக்கை விழுங்கிக்கொண்டு ஊரிலேயே இருந்திருக்கலாமே என்று நொந்துகொள்கிறார். இந்த ஒரு மாற்றத்தால் முழுக் கதையும் வேறாகிவிட்டது. முன்னர் கிழவரை வேரோடு பிடுங்கியது நகரம். இப்போது அவரே தம்மைப் பிடுங்கிக்கொண்டார். ஊரேக்கத்தோடு அவரது தீர்மானமும் கதைக்குள் வந்து சேர்கிறது. அதன்பின் இரக்கம் மட்டும் போதுமானதாக இல்லை.

கோல்மனோடு ரானருக்கு ஏற்பட்ட உறவும் முன்னைய வேலையாளின் உறவைப் போன்றதன்று. மர அரிவாலையிலே தொழிலாளரைக் கண்காணித்த காலத்தில், தம்மை எதிர்த்து நிற்கக்கூடிய கோல்மனைக் கண்ட ரானர், நடுங்கும் கையை மறைப்பதற்காக மரப்பட்டை ஒன்றைச் செதுக்குகிறார். அது தானாகவே கண்ணாடிச் சட்டமாக உருப்பெறுகிறது. அதைக் கோல்மனிடம் கொடுத்து அணியச் செய்கிறார். வில்லைகளற்ற அந்தச் சட்டத்தினூடாக ஒருவரை ஒருவர் பார்க்கும் காட்சி ஓ'கொனரின் எழுத்திலே மிகச் சிறந்த பகுதிகளுள் ஒன்று என்பது என் கருத்து. முதற் கதையின் செடியைப்போல இதுவும் குறியீடுதான். ஆனால் செடியை ஆசிரியர் யன்னலிலே கொண்டுவந்து வைத்தார்; சட்டமோ பாத்திரத்தின் பயத்திலிருந்து பிறந்தது. நியூ யோர்க்கிலே அதே வித்தையை அயல்வீட்டுக் கறுப்பின நடிகரிடம் காட்ட ரானர் முயல்கிறார். வலிந்து அவரைப் பிரசங்கியார் என்று விளிக்கிறார். நடிகர் வெகுண்டெழுந்து தாக்குகிறார். முதற் கதையில் முதுகிலே தட்டிய நல்லவருக்குப் பதிலாக, சீண்டப்படுவதைச் சகிக்க மறுக்கும் ஒருவர் வந்துவிட்டார். ஊருக்குப் புறப்பட்ட ரானர் படிக்கட்டிலேயே சாய்கிறார்; தலையும் கைகளும் கைப்பிடிக் கம்பிகளுக்கிடையே செருகப்பட்டு, தொழுவிலே மாட்டப்பட்ட குற்றவாளிபோல அவரது உடல் காணப்படுகிறது.

இவ்வளர்ச்சிக்கு அயோவா உரிமை கோரலாமா? நேராகக் கோர முடியாது. பட்டறை அவருக்குக் கொடுத்தவை காலமும், வாசகரும், எழுதியதைத் திரும்ப எழுதும் பழக்கமுமே. ஆய்வேட்டின் கடைசிக் கதையான 'புகைவண்டி'க்கும் இதே கதி நேர்ந்தது. ஊர் நினைவில் உழலும் படைவீரன் பற்றிய அக்கதை திருத்தப்பட்டு, 1952இல் வெளிவந்த அவரது முதல் நாவலின் தொடக்க அத்தியாயமாயிற்று; ஊர் நினைவு அங்கே பின்னுக்குப் போய், விசுவாசம் பற்றிய போராட்டம் முன்னுக்கு வந்தது. ஆக, அவர் மாணவியாக எழுதிய இரண்டு முக்கிய கதைகளும் ஊரேக்கத்திலே தொடங்கி, ஆண்டுகள் பல கழிந்த பின்னரே தத்தம் வினாவைக் கண்டடைந்தன. பல்கலைக்கழகங்கள் எழுத்தாளரை நசுக்குகின்றனவா என்று கேட்டவர்களுக்கு, போதிய அளவு நசுக்குவதில்லை என்று அவர் குறும்பாக விடை கூறியதும் இந்த அனுபவத்தின் வழியே வந்ததாகலாம்.

அவரது வளர்ச்சியின் எல்லையையும் மறைத்தலாகாது. அவரது அந்தரங்கக் கடிதங்களிற் கறுப்பின மக்களை இழித்துரைக்கும் வாசகங்கள் உள்ளன. அவை பற்றிய விவாதத்தின் விளைவாக, மேரிலாந்திலுள்ள லொயோலாப் பல்கலைக்கழகம் 2020இல் மாணவர் விடுதியொன்றிலிருந்து அவரது பெயரை நீக்கியது. 'தீர்ப்பு நாள்' கதையிலும் நடிகரை நாம் கதவுக்கு வெளியே நின்றுதான் பார்க்கிறோம். அவரது வீட்டினுள் கதை ஒருபோதும் புகவில்லை. வெள்ளையரின் செருக்கை உள்ளிருந்து தோலுரித்தவருக்கு, அச்செருக்கினால் அடிபட்டவரின் உள்ளம் எட்டவில்லை. கலைஞர் ஒருவரின் கதைகள் அவரைவிட முன்னே சென்றுவிடுவதும், அவர் பின்தங்கி நிற்பதும் உண்டு என்பதற்கு இது சான்று.

இவையெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நமது பல்கலைக்கழகங்களிற் படைப்பெழுத்து பெரும்பாலும் பாடவிதானத்துக்கு வெளியிலேயே வளர்ந்துள்ளது. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை மாணவர் நடிப்பதற்கென யாழ்ப்பாணப் பேச்சுமொழியில் நாடகங்கள் எழுதினார். 1960களிற் பேராதனையிற் பயின்ற செங்கை ஆழியான், செம்பியன் செல்வன் போன்றோர் சஞ்சிகைகள் வாயிலாகவும் மாணவர் வெளியீடுகள் வாயிலாகவுமே எழுத்துப் பழகினர். அவர்களுக்குக் களம் கிடைத்தது. எழுதியதை முன்னால் வைத்துப் பிரித்துக் காட்டும் வகுப்பறை கிடைக்கவில்லை. அது கிடைத்திருந்தால் எத்தகைய வினாக்கள் எழுந்திருக்கும் என்பதற்கு அண்மைக்காலக் கதை வகையொன்றை எடுத்துக்கொள்ளலாம்.

1983இன் பின்னர் புலம்பெயர்ந்த பெற்றோரைப் பற்றி நம் மாணவர் எழுதிய கதைகள் ஏராளம். ரொறன்ரோவிலோ இலண்டனிலோ பிள்ளையின் வீட்டு யன்னலருகே இருந்து பனியைப் பார்க்கும் தகப்பனார். ஊரிலே விட்டுவந்த கிணறு, வேலி, முற்றத்து வேம்பு. ஊர் மண்ணிலே எரியவேண்டும் என்ற ஆசை. இவற்றுட் சில மனத்தை உருக்குவன. அவை யாவும் ஜெரேனியக் கட்டத்துக் கதைகள். போர் துரத்தியது என்பது உண்மை. ரானரின் சொந்தத் தெரிவை இம்முதியவர்மீது சுமத்துவது அநீதி. ஆயினும் அந்தக் கிணற்றிலே யார் அள்ளினார், யார் அள்ளக்கூடாதென்று வாளியோடு காத்து நின்றார் என்பதை இக்கதைகள் கேட்பதில்லை. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலிலே ஆலயப் பிரவேசப் போராட்டம் நடைபெற்றபோது, இன்று யன்னலருகே இருக்கும் அந்தத் தகப்பனாருக்கு இருபத்தைந்து வயதாவது இருந்திருக்கும். அவர் வாசலின் எந்தப் பக்கத்திலே நின்றார்? கே. டானியலின் 'பஞ்சமர்' (1972) அந்த ஊரை அடிபட்டவரின் பக்கத்திலிருந்து எழுதிவிட்டது. அதே ஊரை நினைந்து அழும் கிழவரின் கதையில் டானியலின் ஊர் ஒரு வரியிலும் தலைகாட்டாதது தற்செயலன்று என்றே எண்ணுகிறேன். தமது தகப்பனாரை எழுதும் மாணவருக்கு அவரை மன்னிப்பது எளிது, விசாரிப்பது கடினம்.

ஓ'கொனரின் கடைசிக் கதை கிழவரோடு முடியவில்லை. தகப்பனுக்குக் கொடுத்த வாக்கை மீறி மகள் அவரை நியூ யோர்க்கிலேயே புதைத்துவிடுகிறாள். அதன்பின் இரவிலே அவளுக்கு உறக்கம் வருவதில்லை. உடலைத் தோண்டியெடுத்து ஊருக்கு அனுப்பிவைக்கிறாள். நித்திரை திரும்புகிறது, முகத்தின் பொலிவும் மீள்கிறது. முதற் கதையிலே தகப்பனுக்குச் சோறு போடும் நிழலாக மட்டும் நின்ற மகளுக்கு இங்கே உறங்காத இரவுகள் வந்து சேர்ந்துள்ளன. அவளது உறக்கத்தைப் பற்றிய அந்தச் சில வரிகளை ஆசிரியர் எவ்வித விளக்கமுமின்றி, ஏறத்தாழக் கேலிக் குரலிலேயே எழுதிச் செல்கிறார்.